மிதிவண்டிச் சாவி

சென்ற மார்கழியில் ஒரு நாள். காலைத் திருப்பலி முடித்து, அறைக்கு வந்து, கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியும் அணிந்துகொண்டு புறப்பட்டபோது, வழக்கமாக ஆணியில் தொங்கும் மிதிவண்டிச் சாவியைக் காணவில்லை. மேசை இழுப்பறையில் தேடினோம். அங்கியின் பையில் தேடினோம். காலணி வைக்கும் பலகையின் கீழ்க் குனிந்தும் தேடினோம். நமது கோயில்பிள்ளையோ அன்றைக்கென்று மிகுந்த சுறுசுறுப்புடன் பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு நம் பக்கமே திரும்பவில்லை. விஷயம் விளங்கிவிட்டது.

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ஒருவாறாக. "பனி இப்படிக் கொட்டுது. நெஞ்சுல வேற கம்பி வச்சிருக்கு. வழியில ஒண்ணுன்னா பங்கு சனம் என்னத்தான் கேக்கும்."

நமக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதுடைய ஒருவரின் வண்டிச் சாவியை இன்னொருவர் ஒளித்துவைப்பது சிறு காரியமன்று. ஆனால் கோபம் வரவில்லை. ஏனெனில் இதே காரியத்தை நாம் ஒருவருக்குச் செய்திருக்கிறோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில், வேறொரு பனிக்காலத்தில், ஒரு முதியவரின் மிதிவண்டிச் சாவியை மூன்று மாதம் நமது இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தோம். அந்தக் கதையைச் சொல்லாமல் மார்கழிப் பனியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

2007-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நாம் ஜெர்மனி நாட்டின் மூன்ஸ்டர் மறைமாவட்டத்தில் ஒரு சிற்றூருக்குப் பணியாற்றச் சென்றோம். பிறந்து வளர்ந்தது காவிரிப் படுகை. வாடகைக் கடையில் சில்லறை கொடுத்து மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நாம். குருமடத்தில் விடுமுறை நாள் தோறும் கால்வாய்க்கரை ஓரமாகச் சைக்கிளில் சுற்றியதுண்டு. ஆயினும் மூன்ஸ்டர் நகரைக் கண்டபோது திகைத்தோம். அங்கே குடிமக்களின் எண்ணிக்கையைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை மிகுதி. பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் எலுமிச்சை மணங்கொண்ட பூக்களையுடைய லிண்டன் மரங்கள் நிழல் செய்ய, ஏறத்தாழ நான்கரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வட்டச் சாலை நகரைச் சுற்றி ஓடுகிறது. நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமே அது உரியது. இரயில் நிலையத்தின் முன்னே பூமிக்கடியில் 3,300 மிதிவண்டிகளை நிறுத்தும் கூடம் ஒன்று 1999-இல் திறக்கப்பட்டதாம். மிதிவண்டிக்கு அவ்வூர் வழக்கில் 'லேட்ஸெ' என்று தனிப்பெயரே உண்டு. நகரைத் தாண்டினால் சமவெளி. வயல்களுக்கு நடுவே 'பெட்கெ' என்று அவர்கள் சொல்லும் ஒற்றையடிப் பாதைகள். தஞ்சைத் தரணியின் வரப்புகளை யாரோ தார் பூசி வைத்ததுபோல் நமக்குத் தோன்றியது.

இவை எல்லாம் ஐப்பசியில். கார்த்திகை பிறந்ததும் கதை மாறிற்று. பிற்பகல் நான்கரை மணிக்கெல்லாம் இருள் கவிந்தது. நாள் முழுதும் சாம்பல் நிற வானம், நனைந்த மண், ஊசிபோல் குத்தும் காற்று. முன்பிருந்த குரு விட்டுச்சென்ற மிதிவண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, நாம் காரில் போகவும் அறைக்குள் அடைந்து கிடக்கவும் தலைப்பட்டோம். தை மாதத்திற்குள் உடல் பருத்தது. அதைவிட மோசமாக மனம் இருண்டது. காரணமின்றி எரிச்சல் வரும்; காலையில் எழ மனம் வராது. வெயிலிலே பிறந்தவனுக்கு வெயில் இல்லாத நாள்கள் என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

அப்போதுதான் பங்கில் ஓய்வு பெற்ற முதியோர் பன்னிருவர் வந்து நம்மை இழுத்துக்கொண்டு போயினர். அறுபத்தாறு முதல் எண்பது வயதுவரை உள்ளவர்கள். செவ்வாய்க்கிழமைதோறும், மழையோ பனியோ, மிதிவண்டியில் கிளம்புவார்கள். இருபது கிலோமீட்டர் சுற்றி வந்து, ஒரு ரொட்டிக் கடையில் காபி அருந்திக் கலைவார்கள். போட்டி இல்லை, இலக்கு இல்லை. "எங்கே போகிறோம்?" என்று முதல் நாள் கேட்டோம். "காபிக்கு" என்றார்கள்.

பனிக்காலத்தில் மிதிவண்டி ஓட்டும் வித்தையை அவர்களிடம்தான் கற்றோம். அதில் வீரம் ஒன்றுமில்லை. முழுவதும் சிறு சிறு அறிவுகள். வாயிற்படியில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும் என்பது முதற்பாடம். வீட்டிலேயே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம் என்று பொருள். பத்து நிமிடத்தில் வியர்க்கும், அவ்வியர்வையே பிறகு உடலைக் குளிரச் செய்யும். காற்றில்லாத நாளிலும் ஓட்டுகிறவனுக்குக் காற்று உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. வெப்பமானி 0 டிகிரி காட்டும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் முகத்தோலுக்கு அது ஏறத்தாழ 5 டிகிரி உறைநிலைக்குக் கீழே உள்ள குளிராகப் படுகிறது. ஆகையால் குளிர் மிகும் நாளில் மெல்லப் போவதே அறிவுடைமை. பழைய பந்தயக்காரர்கள் செய்வதுபோல நெஞ்சுக்கும் மேற்சட்டைக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் இருந்தார். மறைமாவட்ட வார இதழ்தான் மற்றெந்தத் தாளையும்விடக் காற்றைத் தடுக்கிறது என்பார். பாராட்டா, பகடியா என்று நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

புதுப்பனியைக் கண்டு அஞ்ச வேண்டாம், உருகி மீண்டும் உறைந்த பனிக்கே அஞ்ச வேண்டும் என்பது அவர்கள் விதி. புதிதாய் விழுந்த பனி அரிசி மாவுபோல் நொறுங்கிப் பிடிப்புக் கொடுக்கும். மழை பெய்து இரவில் குளிர் இறங்கினாலோ, சாலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலம் உண்டாகும். அதுவும் பாலங்களின்மேல் முதலில் உண்டாகும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று அன்றோ வீசுகிறது? அத்தகைய இடத்தில் பிரேக் பிடிக்கலாகாது, ஹேண்டிலைத் திருப்பலாகாது, பெடலையும் அழுத்தலாகாது; வந்த வேகத்தில் நேரே நழுவிப் போகவேண்டும். பனி நாளில் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்வார்கள். தரையில் பதியும் பரப்பு மிகும். சீட்டையும் ஒரு விரற்கடை தாழ்த்துவார்கள். இரு கால்களும் உடனே தரைக்கு எட்டும். ஆனால் பனி நீங்கியதும் மறவாமல் உயர்த்திவிடுவார்கள், ஏனெனில் தாழ்ந்த சீட்டு முழங்காலுக்குப் பகை. கார்களுக்கு அந்நாட்டில் பொதுவாக விலக்கப்பட்டுள்ள ஆணி பதித்த டயர், மிதிவண்டிக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இருவர் அதை மாட்டியிருந்தனர். சாலையில் தூவும் உப்பு செயினை அரித்துவிடும் என்பதால், திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் விடாமல் காபிக் கடைக்குள் நுழைய மாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த அவர்களே, ஆண்டுக்கு நாலைந்து செவ்வாய்க்கிழமைகளில் வாசலில் வந்து நின்று, சாலையைக் காலால் தேய்த்துப் பார்த்து, "இன்று நடந்தே போவோம்" என்று வண்டியை உள்ளே தள்ளிவிடுவர். அதில் அவர்களுக்கு வெட்கமே இராது. பனிக்காலம் முழுதும் ஓட்டுகிறோம் என்று சொல்பவர்கள், ஓட்டாத நாள்களை எண்ணிச் சொல்வதில்லை.

அவர்களுள் ஒருவர் நெசவாலையில் தறி பழுது பார்த்தவர். ஆலை மூடப்பட்டு நெடுங்காலம் ஆகியும் ஊரார் அவரை ஆலைக்காரர் என்றே குறிப்பிட்டனர். நாமும் அவ்வாறே குறிப்பிடுவோம். நாம் சென்றபோது அவருக்கு வயது எழுபத்தொன்று. அவரது ஹேண்டிலில் கீசல்லோ மாதாவின் சிறு பதக்கம் ஒன்று தொங்கும். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மலையுச்சியில் உள்ள அச்சிற்றாலயத்து அன்னையை, மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார் என்பதை நமக்குச் சொன்னவரே அவர்தாம். குருமடத்தில் பல ஆண்டுகள் பயின்ற நமக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ஆலைக்காரருக்கு 2006 முதலே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் இருந்தது. வலக்கை நடுங்கும், முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல மறைந்து வந்தது, நடை குறுகி, கால்கள் தரையில் தேய்ந்தன. ஆனால் வண்டியில் ஏறிவிட்டாலோ, அவர்தாம் வரிசையின் முன்னே செல்வார். பின்னால் வரும் எவரும் அவரை நோயாளி என்று சொல்ல முடியாது.

2009-ஆம் ஆண்டு மார்கழியில் தொடங்கிய பனிக்காலம் அந்நாட்டில் பலர் நினைவில் நிற்கும் கடுமையானது. வாரக்கணக்கில் வெண்பனி விலகவில்லை. 2010 தை மாதத்தில் ஆலைக்காரர் தம் வீட்டு வாசலிலேயே வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். எலும்பு முறியவில்லை, புருவத்தில் இரண்டு தையல். மறுநாளே அவருடைய மனைவியார் நம்மிடம் வந்தார். "ஹெர் பாஸ்டர்" என்றார். அப்பகுதியில் கத்தோலிக்கக் குருவையும் அவ்வாறே அழைப்பர். "நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்."

நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று எவரேனும் சொன்னால் அதை உடனே செலவழிக்கத் துடிக்கும் பலவீனம் நம்மிடம் உண்டு. ஞாயிறன்று அவரைத் தனியே அழைத்து, குளிர்காலம் முடியும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்றோம். வீட்டாரின் நிம்மதியையும், அவருடைய வயதையும், நோயையும் வரிசையாக எடுத்துரைத்தோம். ஒருமுறையேனும், "ஓட்டும்போது உமக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை. அவர் நெடுநேரம் நம்மைப் பார்த்தார்.

"இதை நீங்கள் சொல்கிறீர்களா, என் மனைவி சொல்கிறாளா?"

"நாமே சொல்கிறோம்" என்றோம்.

நடுங்கும் விரல்களால் சட்டைப்பையைத் துழாவி, சாவியை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார். "அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தால் ஓட்டிவிடுவேன்."

அன்றிரவு நாம் ஒரு நற்செயல் செய்த நிறைவோடு உறங்கினோம்.

மாசி சென்றது, பங்குனி வந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவர் இல்லை. குருத்து ஞாயிறன்று பவனி ஆலய வாயிலை அடைந்தபோது முன்வரிசை திடீரென்று நின்றது. பார்த்தால், வாயிற்படியின் முன்னே ஆலைக்காரர். கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டார்; உடல் முன்னே சாய்கிறது, பாதம் நகரவில்லை. இந்நோயில் வாசல்களும் ஒடுக்கமான வழிகளும் இவ்வாறு காலைக் கட்டிவிடும். பின்னால் குருத்தோலைகளுடன் பிள்ளைகள் நெருக்க, இருவர் அவரைத் தூக்கினாற்போல் உள்ளே கொண்டு சென்றனர். அதற்குப்பின் அவர் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். நோய் தன் போக்கில் முற்றியதா, நாம் வண்டியைப் பறித்ததால் முற்றியதா என்று பிரித்துச் சொல்வது எந்த மருத்துவருக்கும் இயலாது. ஆனால் இரவில் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாவி நம்மைப் பார்க்கத்தான் செய்தது.

வைகாசியில் அவரைக் கவனித்துவந்த மருத்துவர் நமக்கு ஒரு செய்தி சொன்னார். எல்லைக்கு அப்பால் நெதர்லாந்து நாட்டு நைமேகன் நகரில் பாஸ் புளூம் என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடன் பணியாற்றுவோரும், அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி வெளியிட்டிருந்தனர். அவருக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். பிடித்துக்கொள்ள ஆளின்றி நடக்க இயலாது. சில அடி வைப்பதற்குள் கால் உறைந்து விழுந்துவிடுவார். அதே மனிதரை மிதிவண்டியில் ஏற்றிவிட்டால், நேரே ஓட்டுகிறார், வளைகிறார், திரும்பி வருகிறார். இறங்கியதும் மீண்டும் உறைந்து நிற்கிறார். பெடல்கள் மாறி மாறித் தரும் தாளம் காலுக்கு வழிகாட்டுகிறது போலும் என்று அவர்கள் கருதினர். எல்லா நோயாளருக்கும் இது பொருந்தும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. நிலை தடுமாறி விழும் ஆபத்து பலருக்கு மெய்யாகவே உண்டு. ஆயினும் இதைக் கேட்ட மாத்திரத்தில், வரிசையின் முன்னே சென்ற அந்த முதுகு நம் கண்ணில் வந்து நின்றது. ஓட்டும்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே இதைச் சொல்லியிருப்பார்.

சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "பூட்டு துருப்பிடித்திருக்கும்" என்றார். அடுக்களையிலிருந்து கொட்டகைக்கு இருபதடி தூரம். கடக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மனைவியார் ஒருபுறமும் நாம் ஒருபுறமும் பிடிக்க, சீட்டில் அமர்ந்தார். ஒரு காலைப் பெடலில் வைத்தார். அவ்வளவுதான், முற்றத்தைச் சுற்றினார். ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. மனைவியார் முந்தானையால் என்று எழுத வந்து நிறுத்துகிறோம்; சமையல் மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விழுவதெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் என்பதை மருத்துவர் சுட்டிக்காட்ட, குறுக்கே பார் இல்லாத, பெண்கள் ஓட்டும் வண்டி வாங்கினார்கள். மறு ஆண்டு பிள்ளைகள் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கித் தந்தனர். இருவர் உடன் செல்வது, வாகனம் மிகுந்த சாலையை விட்டுக் கால்வாய்க்கரைப் பாதையில் மட்டும் ஓட்டுவது, கண்ணாடிப் பனி நாளில் வீட்டு நிலவறையில் அசையாது நிற்கும் வண்டியில் பெடல் போடுவது என்று விதிகள் ஏற்பட்டன. மூன்று சக்கரத்தை முதலில் அவர் தள்ளுவண்டி என்று இகழ்ந்தார். ஒரு மாதத்தில் பின்னால் உள்ள கூடையில் பன்னிருவருக்கும் கேக் ஏற்றி வரலானார்.

2012 மாசியில் பிரெஞ்சு நாட்டு ரொபேர் மார்ஷான் தம் நூறாம் வயதில் சுவிட்சர்லாந்தில் ஓட்டக்கூடம் ஒன்றில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டிய செய்தி பத்திரிகையில் வந்தது. காபிக் கடையில் அதை உரக்கப் படித்தார்கள். "அவருக்கென்ன, கூரைக்குள் எதிர்காற்று கிடையாது" என்றார் ஆலைக்காரர். அதே மார்ஷான் 2014-இல் 102 வயதில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். அவருக்குப் பயிற்சித் திட்டம் வகுத்த உடலியலார் வெரோனிக் பில்லா என்னும் அம்மையார், அப்பயிற்சிக் காலத்தில் அவர் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் உயர்ந்திருந்ததை அளந்து வெளியிட்டார். பெரும்பகுதி மென்மையாகவும் சிறுபகுதி விறுவிறுப்பாகவும் ஓட்டுவதே அத்திட்டம். 105 வயதில், 2017-இல், மீண்டும் ஓட்டியபோது 22.547 கிலோமீட்டரே வந்தது. 109 வயதில், 2021-இல் மறைந்தார். இத்தகையோர் கோடியில் ஒருவர்; அவரைக் காட்டி எவரையும் ஊக்குவிப்பது பேதைமை என்பது நம் எண்ணம். நமக்கு அவரில் பிடித்தது அந்தக் கடைசி எண்தான். நான்கு கிலோமீட்டர் குறையும் என்று தெரிந்தும் சீட்டில் ஏறினார் அல்லவா?

ஆலைக்காரர் 2012 கார்த்திகைவரை ஓட்டினார். ஒரு செவ்வாயன்று கால்வாய்ப் பாலத்தருகே நின்று, நீரைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்துத் தம் பேரனிடம் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. நாம் தாயகம் திரும்பிய மறு ஆண்டு அவர் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. பதக்கத்தை உடன் வைத்து அடக்கம் செய்தார்களாம்.

நிற்க. நம் கதைக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு, ஐம்பத்து நான்காம் வயதில், நமக்கு இதயத் தமனியில் அடைப்பு கண்டு, 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழாய் பொருத்தினார்கள். கோயில்பிள்ளை சொல்லும் கம்பி இதுதான். மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே பங்கு மக்கள் அன்பினால் ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தர முன்வந்தனர். மருத்துவரிடம் நாம் கேட்ட முதற் கேள்வி மிதிவண்டியைப் பற்றியது. அவர் சிரிக்கவில்லை. முதலில் நடக்கச் சொன்னார்; வாரங்கள் சில சென்றபின் ஓடுபட்டைமேல் நடக்கவிட்டு இதயத்தைச் சோதித்தார்; அதன்பின் சமதரையில் மெல்ல ஓட்ட இசைந்தார். ஓட்டும்போது வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. கடுங்குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும்; ஆகவே குளிர்காலையில் திடீரென அழுத்தாமல் முதல் பத்து நிமிடம் நடையினும் சற்றே விரைவாக மட்டும் போக வேண்டும் என்பது மற்றொன்று. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே இறங்கிவிட வேண்டும். முதல் நாள் இரண்டு கிலோமீட்டர் போய் வந்தோம். எதிரே விறகுச் சுமையோடு வந்த ஒரு முதிய அம்மையார் மிதிவண்டியில் நம்மைக் கடந்து போனார்.

நம்மூர் மார்கழியை மூன்ஸ்டர்க்காரர்கள் வசந்தம் என்பார்கள். இருப்பினும் நமக்கென்று ஆபத்துகள் இல்லாமலில்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாலையோரத்தைக் கரைத்து, பள்ளத்தை நீரால் மூடி வைத்திருக்கும். மார்கழியில் வாய்க்கால்மேல் மூடுபனி எழுந்து, எதிரே வரும் லாரியை இருபதடிவரை மறைக்கும். தை பிறந்து சம்பா அறுவடையானால் வைக்கோலைச் சாலையிலே பரப்புவார்கள். பனி ஈரத்தில் ஊறிய வைக்கோலுக்கும் வெஸ்ட்பாலியாவின் கண்ணாடிப் பனிக்கும் சக்கரம் வேறுபாடு காண்பதில்லை. அங்கே கற்ற பாடம்தான் இங்கும்: பிரேக் பிடிக்காதே, திருப்பாதே, நேரே போ. இயலாவிட்டால் இறங்கித் தள்ளு.

சென்ற ஆண்டு நாமும் பார் இல்லாத வண்டிக்கு மாறினோம். காலைப் பின்னே வீசி ஏறும்போது இடுப்புத் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள ஓராண்டு பிடித்தது. "சாமி லேடீஸ் சைக்கிள் வாங்கிட்டாரு" என்று பீடச் சிறுவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்நாளில் நீண்ட அங்கியோடு கிளை ஊர்களுக்குச் சென்ற குருக்களில் சிலர் இத்தகைய வண்டியைத்தான் வைத்திருந்தனர் என்று விளக்கினோம். சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

இவ்வளவையும் அன்று பூச்சாடிகளுக்கு நடுவே நின்று கோயில்பிள்ளையிடம் சொன்னோம். ஆலைக்காரர் கதையில் குருத்து ஞாயிறு வந்தபோது அவர் துடைப்பதை நிறுத்தினார். முடிந்ததும் நாம் அவரைக் கேட்டது ஒன்றுதான்: "நான் ஓட்டிட்டு வந்த அப்புறம் எப்படி இருக்கேன்னு பாத்திருக்கீங்களா?"

யோசித்தார். "அன்னிக்கு மட்டும் சாமி காலைச் சாப்பாட்டுல குறை சொல்றதில்ல" என்றார்.

பிறகு பேரம் நடந்தது. வெளிச்சம் வருமுன் புறப்படுவதில்லை. கைப்பேசி பையில் இருக்க வேண்டும். மூடுபனி கோபுரத்தை மறைத்தால் அன்று வண்டி இல்லை. இவற்றுக்கு இசைந்தோம். பெரிய சாலைக்குப் போகவே கூடாது என்றதற்கு இசையவில்லை. சனிக்கிழமை தவிர என்று முடிவாயிற்று. சாவி திருவிளக்குக்கு ஊற்றும் எண்ணெய்ப் புட்டிக்குப் பின்னாலிருந்து வெளிவந்தது.

மறுநாள் மாலை கோயிற்கொட்டகையிலிருந்து எதையோ இழுக்கும் ஓசை கேட்டது. மொபெட் வாங்கியபின் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொடாத தம் பழைய மிதிவண்டியை அவர் வெளியே கொண்டுவந்திருந்தார். தனியாக விட மனமில்லையாம், பின்னாலேயே வரப்போகிறாராம். அவருக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலியுண்டு. சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தோம். செயின் துருப்பிடித்திருக்கிறது, இரண்டு டயரும் டியூபும் புதிதாக மாற்ற வேண்டுமென்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அச்செலவைப் பங்குக் கணக்கில் எழுதலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.